தாய்மாமன் கட்டம்

ஜனவரி மாதக் காலைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் வேறு ஏதோ ஊர் மாதிரி இருக்கும். பனி இறங்கியதும் எதிர் பிளாக்கின் மொட்டை மாடி மட்டும் தனியாக மிதக்கும். தொழிற்சாலைச் சங்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. வேலைக்குப் போகிற அப்பாக்களின் தலைகள் தெரியும், சைக்கிள்கள் தெரியாது. நான் ஒன்பதாவது படித்த வருஷத்தை நினைத்தால் அந்தப் பனிதான் முதலில் வருகிறது. பாதித் தூக்கத்தில் பள்ளிக்கூடம் போய், பாதித் தூக்கத்தில் திரும்பி வந்திருக்கிறேன்.

அரையாண்டு லீவு முடிந்து திறந்த அன்று வகுப்பு மிஸ் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, புது வருஷத்துக்கு ஒரு லட்சியம். சின்ன அட்டையில் ஒரே வரியில் எழுத வேண்டும். இன்னொன்று, குடும்ப வரலாறு. சார்ட்டில் கட்டம் கட்டமாக அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டையும் எழுதி, பொங்கல் லீவுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். லட்சியம் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் "தினமும் ஐந்து மணிக்கு எழுவேன்" என்று எழுதினார்கள். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் எழுதினார்கள். எனக்கு இந்த மாதிரிப் பொய்யைக் கண்டாலே எரிச்சல். என் அட்டையைக் காலியாகவே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா பக்கத்தைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், அப்பா ஒரே மூச்சில் பதினோரு பேரைச் சொன்னார். கட்டம் போதவில்லை. அம்மா பக்கம் கேட்டபோது அம்மா அரிசி களைவதை நிறுத்தவேயில்லை.

"எங்க பக்கம் யாரும் இல்லட்டி. கட்டத்தச் சின்னதாப் போட்டுக்க."

விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே பதில்தான். ஆனால் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தாய்மாமன்தான் கீழ் வீட்டிலேயே இருக்கிறாரே!

அதற்கு ஆல்பத்தில் சாட்சி இருந்தது. எனக்குக் காது குத்திய படம். மொட்டைத் தலையும் சந்தனமுமாக நான் வாயைப் பிளந்து அலறுகிறேன். ஆசாரி கம்பியோடு குனிந்திருக்கிறார். என்னை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தன் காதில் குத்துகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழ் வீட்டு மாமா. காது குத்தும்போது பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியாது? அது தாய்மாமன் மடி. போதாததற்கு அம்மா அவரை அண்ணாச்சி என்றாள், அவர் அம்மாவைத் தங்கச்சி என்றார். திருமழிசைக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போவார். சாயங்காலம் ஒரு கட்டு கீரையோடு முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கே போவார். நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிய கட்டம் போட்டு அவர் பெயரை எழுதினேன். கீழே பிறந்த ஊர் திருமழிசை என்றும் எழுதினேன்.

மறுநாள் மிஸ் சார்ட்டைப் பார்த்தார். விரலை அம்மா கட்டத்தில் வைத்தார், பிறகு மாமா கட்டத்தில் வைத்தார்.

"அம்மாக்குத் திருநெல்வேலிப் பக்கம். கூடப் பிறந்த அண்ணனுக்குத் திருமழிசையா? எப்படிம்மா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பின் பெஞ்சில் ஒருத்தி சிரிக்க, வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று அது காது வரைக்கும் ஏறியது. பதினாலு வருஷமாக இரண்டு பேர் பேச்சையும் கேட்கிறேன். அம்மா "என்னட்டி" என்பாள், மாமா "இன்னா கண்ணு" என்பார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு பேச்சு வந்தது என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு ஜில்லா. மேல் மாடி சேலம், பக்கத்து வீடு நாகர்கோவில். எல்லாரும் எனக்குப் பெரியப்பா, சித்தி, அத்தைதான். குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளையைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து பையை வீசினேன். அம்மா இந்த முறை மழுப்பவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவிய எங்கூடப் பொறந்தவிய இல்லட்டி. எங்கூர்ல மளிகைக் கடைக்காரரக்கூட அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். நான் உங்கப்பாவ என் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டேன்னு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டான். உன் காது குத்துக்கு வாய்யான்னு பத்திரிகை போட்டேன். பதிலே இல்ல. மனையில உக்கார ஆளில்லாம எல்லாரும் முழிச்சுக்கிட்டு நின்னோம். கீழ் வீட்டு அண்ணாச்சி வந்து சட்டுனு உக்காந்தாவ. யாரும் கூப்பிடக்கூட இல்ல."

இதைக் கேட்டு யாருக்காவது கோபம் வர வேண்டுமென்றால் அந்த அண்ணன் மேல் வர வேண்டும். எனக்கு வந்தது கீழ் வீட்டு மாமா மேல். இத்தனை வருஷம் இல்லாத உறவை இருக்கிற மாதிரி நடித்து என்னை ஏமாற்றிவிட்டார் என்று மனசு கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் சார்ட்டை விரித்தேன். சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த அவர் பெயரை ஒயிட்னரால் அழித்தேன். காலியாக இருந்த லட்சிய அட்டையை எடுத்து எழுதினேன்: "இந்த ஆண்டு என் சொந்தத் தாய்மாமனைக் கண்டுபிடிப்பேன்." சொந்த என்ற வார்த்தைக்குக் கீழே கோடு வேறு போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஒயிட்னர் காய்வதற்குள் அவர் வந்துவிட்டார். கையில் கீரைக் கட்டு, செருப்பில் வயல் மண். எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்து சார்ட்டைப் பார்த்தார். அட்டையை எடுத்து மெதுவாகப் படித்தார். பிறகு அந்த வெள்ளையை விரலால் தொட்டார், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்து நல்லா கீது கண்ணு," என்றார். கீரையை அடுக்களை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. வேலை முடிந்து வரும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்து ஒரு தடவை சைக்கிள் பெல் அடிப்பார். அதுவும் கேட்கவில்லை. என் கோபம் சோடா மாதிரி, பொங்குகிற வேகத்திலேயே அடங்கிவிடும். அடங்கிய பிறகு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. கரிக்குருவி கத்துகிற நேரத்துக்கே எழுந்து பால்கனியில் நிற்பேன். கீழே பனிக்குள் யாராவது இருமினால் அவரோ என்று எட்டிப் பார்ப்பேன். மாமாவை இழந்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. ஒயிட்னரைச் சுரண்டிப் பார்த்தேன், பெயரோடு சேர்ந்து சார்ட்டும் கிழிந்தது. அழுகையாக வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முதுகில் ஒன்று வைப்பாள்.

புதன்கிழமை சார்ட் கொடுக்கக் கடைசி நாள். மறுநாள் போகி. பிள்ளைகள் இப்போதே கீழே மேளம் தட்ட ஆரம்பித்திருந்தார்கள், பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பா காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நான் யூனிபாரத்தோடு, கிழிந்த சார்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. மாமா நின்றார். தலையெல்லாம் ஒட்டடை.

"மூணு நாளா பரணைக் கொடஞ்சிகினு கீறேன் கண்ணு. போகிக்கு எங்க கொளுத்திடுவாளோ உன் அத்தைன்னு பயம். இந்தா."

ஒரு கவர். ஓரம் எலி கடித்து மஞ்சளாகப் போயிருந்தது. மேலே நெல்லைப் பக்கத்து விலாசம் அம்மாவின் கையெழுத்தில். அதைச் சிவப்பு மையால் அடித்து, வாங்க மறுத்ததாக எழுதியிருந்தது.

"உன் மாமா ஊட்டு அட்ரஸு. கண்டுபுடிக்கணும்னு எழுதிக்கீறியே, கைல அட்ரஸு வேணாவா?"

அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது உங்கக்கிட்ட எப்படி அண்ணாச்சி?"

"காது குத்துப் பத்திரிகை திரும்பி வந்துச்சு தங்கச்சி. நீ கடைக்குப் போய்க்கீறே, போஸ்ட்மேன் என்னாண்ட குட்த்தான். உன் கைல குடுக்க மனசு வரல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நானே எட்த்துகினு உங்கூருக்குப் போய்ட்டேன்."

மாமா என்னைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார்.

"கேட்டாண்டயே நிக்க வச்சுட்டாரு உன் மாமா. நீ யாருய்யா அதக் கேக்க, அம்புட்டு அக்கறைன்னா நீயே மடில வச்சுக் குத்துன்னாரு. கோவத்துல சொன்னாரு. நான் அத உத்தரவா எட்த்துகினேன். அதான் அன்னிக்கு வந்து உக்காந்தேன். நீ வெள்ளை அடிச்சதப் பாத்து கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா சொந்தத்தத் தேடறது தப்பில்ல கண்ணு. லீவுல போலாம், நானும் வரேன்."

அவர் காலில் விழ வேண்டும் என்று தோன்றியது, வெட்கமாக இருந்தது. அம்மா அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டது அண்ணனைப் பற்றி இல்லை.

"வாசல்ல முருங்கை நின்னுச்சா?"

"நின்னுச்சு. காயா தொங்கிகினு இருந்துச்சு."

"கேட்டுக்கு என்ன கலரு?"

"பச்ச. கீழ துரு."

அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிணற்றடிக் கல், மாடத்து விளக்கு, திண்டுக்கல் பூட்டு. அவர் பார்த்ததைப் பார்த்தேன் என்றார், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றார். அதுவரை அந்த வீட்டைப் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டதில்லை. கீழே மேளம் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது, யாரும் எழவில்லை.

"வேற யாரையாவது பாத்தியளா?"

"ரெட்ட சடை போட்ட பொண்ணு ஒண்ணு. அப்ப அதுக்கு, இப்ப இவ கீற வயசு. நான் தெருக்கோடி போறதுக்குள்ள சொம்புல தண்ணி எட்த்துகினு பின்னாடியே ஓடியாந்துச்சு."

"என் தங்கச்சி," என்றாள் அம்மா.

"கொழந்த யாரு ஜாடைண்ணான்னு கேட்டுச்சு. உன் ஜாடைதாம்மான்னேன். அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு அன்னிக்கு சும்மாத்தான் சொன்னேன் தங்கச்சி. இப்பப் பாத்தா அப்டியே அந்த மூஞ்சி."

அம்மா என் முகவாயைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.