யார் வீட்டு சிலிண்டரோ

எழுபதுகளின் நடுவில் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு காஸ் வந்தபோது, அடம்பிடித்து அடுப்பு வாங்க வைத்தவள் நான்தான். கைக்குழந்தையோடு ஈர விறகை ஊதி ஊதி எனக்கு நெஞ்சு கட்டிப்போயிருந்தது. அடுப்பு வந்தது, சிலிண்டர் வந்தது. கூடவே என் மாமியாருக்கு ஒரு சந்தேகமும் வந்தது.

காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தருகிறார்களே, அது இதற்கு முன் யார் வீட்டில் இருந்தது? மீன் குழம்பு கொதித்த வீடாக இருந்தால்? "நம்மாத்து சிலிண்டரையே ரொப்பிண்டு வரச் சொல்லு" என்பார். அப்படி நடக்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வண்டி வந்தால் வாசலில் நின்று, பெயிண்ட் உரியாததாகப் பார்த்து, கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பொறுக்குவார்.

கொண்டுவருபவர் ஐயம்பேட்டைக்காரர், நடுவயசு, பொறுமைசாலி. "எல்லாத்துலயும் ஒரே காஸுதாம்மா இருக்குது" என்பார். ஆனால் அவர் வாசலை ஒட்டிய ரேழியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அங்கேயே இறக்கிவிட்டுப் போக வேண்டும். அவர் தொட்ட தீட்டுப் போக மாமியார் அதன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவார், புளியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பார். பிறகு உருட்டிக்கொண்டு போய் அடுப்பில் மாட்டுவது என் பாடு. சே, இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் காலை அப்படித்தான் மாட்டினேன். ரெகுலேட்டரைத் திருகியதும் புஸ்ஸென்று சத்தம், குடலைப் புரட்டும் நாற்றம். மூடிப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்போதுதான் மாமியார் சொன்னார், சிலிண்டரின் வாய்க்குள் கறுப்பாக ஏதோ அழுக்கு வளையம் ஒட்டிக்கொண்டிருந்ததாம், கொண்டை ஊசியால் நோண்டி எடுத்துக் கொல்லையில் எறிந்துவிட்டாராம். வாஷர்! மடி மடி என்று தேய்த்த கை, காஸை அடக்குகிற ரப்பரையே பிடுங்கிப் போட்டிருக்கிறது.

கூடத்தில் தூளியில் என் குழந்தை. அடுத்த அறையில் பெருமாள் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நல்லவேளை, சிலிண்டர் கொண்டுவந்தவர் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை, பக்கத்து வீட்டில்தான் இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் முதலில் விளக்கை அணைக்கச் சொன்னார். பின்னாலேயே வந்த மாமியார், விளக்கை வாயால் ஊதக்கூடாது, பூவால்தான் அணைக்க வேண்டும், கொல்லையில் போய் ஒரு நந்தியாவட்டை பறித்து வா என்றார். வீடே வெடிக்கப் போகிறது, இவருக்குப் பூ வேண்டுமாம்! குழந்தையைத் தெருவில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திணித்துவிட்டு ஓடிப்போய்த் திரியை விரலால் நசுக்கினேன்.

திரும்பி வந்தால், மாமியார் அடுக்களை வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் ரேழியில் நிற்கிறார்.

"நீ அங்கேருந்தே சொல்லு. அவ உள்ள போய்ப் பண்ணுவா."

அவ என்றால் நான். அந்த நாற்றத்துக்குள் நான் போகலாம், அவர் கால் படக்கூடாது. அதைக் கேட்டபோது வந்த அருவருப்பு காஸ் நாற்றத்தில்கூட எனக்கு வரவில்லை.

"நகுரும்மா" என்றார் அவர். அவ்வளவுதான். கையைத் தாண்டி உள்ளே போய், ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு இறுக்கி, சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக வெளியே வைத்தார். ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார். எல்லாம் நாலு நிமிஷம் இருக்கும். மாமியார் அதற்குள் அடுக்களையைக் கழுவக் குடத்தை எடுத்துவிட்டார்.

அவர் கொல்லைக் கதவருகில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது. நான் சொம்பு நிறைய மோந்துகொண்டு வந்தேன். நீட்டத்தான் போனேன். கிணற்றடியிலிருந்து மாமியார் பார்த்தார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தானாகவே இரண்டு கையையும் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டார். நான் சொம்பை உயர்த்தி ஊற்றினேன்.

சாயங்காலம் என் கணவர் ஆபீஸிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு மெதுவாக, "தண்ணி எதுல குடுத்தே?" என்றார்.

"கையிலதான் விட்டேன்" என்றேன், பட்டென்று, தப்பு எதுவும் செய்யாதவள் போல. அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.