இளவேனில் அம்மா என்று கூப்பிட்டேன்

போன வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காட்டேரிக்குப்பத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அதுவரை முகமே பார்த்திராத ஒருத்தியிடம் வெள்ளை அல்லிக் கிழங்கு வாங்கி வரத்தான்.

நான் தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். செடி வளர்க்கிற ஆசையில் போனில் ஒரு தோட்டக் குரூப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. 'ஞாயிறு மட்டும்' என்று ஒருவர். அன்றைக்குத்தான் அவருக்குத் தொட்டிப் பக்கம் போக நேரமாம். 'தோத்துப்போன தக்காளி' என்று ஒருவர். அதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். நான் 'பாகல்கொடி'. நான் போட்ட விதையில் முதலில் பிழைத்தது அதுதான்.

ஒரு நாள் எல்லாரும் அவரவர் பேர் வந்த கதையை எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு எனக்குக் கிழங்கு தருவதாகச் சொன்ன 'இளவேனில் அம்மா' மட்டும் ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்தப் பேருக்கு என்ன கதை இருக்கப்போகிறது, மகள் பேர் இளவேனில், அவ்வளவுதானே என்று நினைத்தேன். 'எங்க இளவேனிலுக்கு இந்தச் சித்திரை வந்தா ஏழு வயசு' என்று அவளே ஒரு தடவை எழுதியிருந்தாள். அதனால்தான் வெறுங்கையோடு போக வேண்டாமென்று ஏழு வயசுக்கு அளவாக ஒரு மஞ்சள் கவுன் வாங்கிக்கொண்டேன்.

வில்லியனூர் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பனி இன்னும் விலகவில்லை. பாலத்துக்குக் கீழே ஆறு இருக்கிறதா என்றே தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருந்தது. அதைத் தாண்டினால் ரெண்டு பக்கமும் கரும்பு பூத்துக் கிடந்தது. வெள்ளிக் குஞ்சம் மாதிரி பூக்கள், வெயில் பட்டதும் ஒன்றாக அசைந்தன. நான் வண்டி ஓட்டுகிறேனா, வண்டி தானாகப் போகிறதா என்ற மாதிரி ஒரு மயக்கம். அந்தக் குழந்தை எப்படி இருப்பாள், கவுனைப் பார்த்ததும் போட்டுக்கொண்டு ஓடுவாளா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவள் சொன்ன அடையாளப்படி கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு. வாசல் முழுக்கப் பழைய பக்கெட்டிலும் டப்பாவிலும் செடி. ஓரமாக ஒருவர் உட்கார்ந்து சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. அதனால் வாசலில் நின்று சத்தமாகவே கூப்பிட்டேன்.

"இளவேனில் அம்மா!"

அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக எழுந்து என்னைப் பார்த்தார்.

"இன்னான்னு கூப்ட்டீங்க?"

வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தடுமாறினேன். அதற்குள் அவள் ஓடி வந்தாள். முப்பது வயசுக்கு மேல் இருக்காது. என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத அவசரத்தில் கவுனை எடுத்து நீட்டி, "குழந்தை எங்கே? இன்னிக்கு லீவாச்சே" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

அவள் கவுனை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அவ பொறக்கறப்பவே உசுரோட இல்லக்கா" என்றாள். "சித்திரைல பொறக்கும்னு சொன்னாங்க. அதான் முன்னாடியே இவரு அந்தப் பேரு வச்சாரு. அப்புறம் இந்த வூட்டுல யாரும் அத வாய்ல சொன்னதே இல்ல."

கவுனைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"குரூப்ல சேர்றப்ப, உங்கள எப்படிக் கூப்புடணும்னு போனு கேட்டுச்சு. யாருமே என்ன அப்படிக் கேட்டதில்லக்கா. வெரலு அதுவா அடிச்சிடுச்சு. மறுநாளு ஒருத்தரு, இளவேனில் அம்மா, கத்திரிக்கு இன்னா ஒரம் போடலாம்னு கேட்டிருந்தாரு. அத நாளு பூரா எடுத்து எடுத்துப் பாத்தேன்." பிறகு குரலை இறக்கி, "பொய்யி சொல்லிட்டேன்னு நெனைக்கிறீங்களா? பேர மாத்திடட்டுமா?" என்றாள். என்னைத்தான் கேட்டாள். ஆனால் பார்வை அவர் மேலேயே இருந்தது.

"எதுக்கும்மா மாத்தணும்? நீ அவளுக்கு அம்மாதானே" என்றேன்.

அவள் கவுனை விரித்துத் தன் இடுப்போரம் வைத்துப் பார்த்தாள். "இவ்ளோ ஒசரம் வளந்திருப்பா, இல்ல?" அவர் வந்து, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கவுனின் கையை விரலால் லேசாகத் தொட்டார். "கலரு நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரம் அந்தச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்தோம். பனி விலகி, அல்லித் தொட்டித் தண்ணீரில் வெயில் ஆடியது. அவள் பாகலுக்குப் பந்தல் போடுவது பற்றிப் பேசினாள். நான் கேட்டேன். அவர் மறுபடி சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். இப்படி வந்து இவர்கள் வீட்டுப் புண்ணைக் கிளறிவிட்டோமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்ப எழுந்தேன். வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. பழக்கமில்லாத வார்த்தையைச் சொல்வது மாதிரி, தயங்கித் தயங்கி வந்தது.

"இளவேனில் அம்மா, அக்காவுக்குக் கெழங்கு குடுக்கலியே."

அவள் உடனே திரும்பவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான், "தோ, வரேன்" என்று உள்ளே போனாள்.

குரூப்பில் மற்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. ஆனால் அவளுக்கு எதை எழுதினாலும் அந்தப் பேரைச் சுருக்காமல் முழுசாக எழுதுகிறேன். ஒரு மனுஷி தனக்கென்று ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.