இரண்டு ஊர் ராகு காலம்

உகாண்டாவுக்கு நான் ஒரே ஒரு பறவையைப் பார்க்கத்தான் போனேன். பார்க்காமலேயே திரும்பி வந்தேன். பறவை மேல் எந்தக் குற்றமும் இல்லை. எல்லாம் என் அத்தானால் வந்தது.

அந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் ஷூபில் என்று பெயர். ஆள் நெஞ்சு உயரம் நிற்கும். சாம்பல் நிறம். மரச்செருப்பைக் கவிழ்த்து ஒட்டியது போல அலகு. தை மாதம் நெல்லைக் குளங்களில் பறவை எண்ணப் போகிறவர்களில் நானும் ஒருவன். அந்த அலகை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை. மனைவியோடு போவதாகத்தான் இருந்தது. டிக்கெட் எடுக்கும் நேரத்தில் அவளுக்கு முட்டுவலி. "உங்க அத்தானைக் கூட்டிட்டுப் போங்க. விக்கிரமசிங்கபுரத்துல தனியாத்தான இருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அக்கா போய் அப்போது நான்கு வருடம். நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். மறுக்க முடியவில்லை.

போன நாளிலிருந்தே என் பொறுமையைச் சோதித்தார். நான் பைனாகுலரைத் தூக்கிய இடமெல்லாம், "மாப்ளே, இது நம்ம குளத்துல நிக்குததுல்லா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். பாதி நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. நீர்க்காகம், உண்ணிக்கொக்கு, கருப்பு வெள்ளை மீன்கொத்தி எல்லாம் அங்கேயும் உண்டு. தலையில் பொன் நிறக் கொண்டை வைத்த கொக்கைக் காட்டினேன். "இதுக்கு யாரு பூ வச்சு விட்டா?" என்றார். அதற்கு மட்டும் நானும் சிரித்தேன்.

ஷூபிலுக்கு ஒதுக்கியிருந்தது கடைசி நாள் காலை. திங்கட்கிழமை. ஏரிக்கரைச் சதுப்புக்கு விடியும்போதே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பறவை கோரைக்குள் மறைந்துவிடும் என்று வழிகாட்டி மூன்று முறை சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு வண்டி வாசலில் நின்றது. அத்தான் குளித்து, திருநீறு பூசி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நம்ம ஊர்ல இப்ப ஏழரை மாப்ளே. ராகு காலம். ஒம்பது ஆகட்டும்."

இந்த ஊரில் ஐந்துதானே என்றேன். பஞ்சாங்கம் நம்ம ஊருக்குத்தான் போட்டிருக்கிறான் என்றார். நம்ம ஊரில் ஒன்பது ஆன பிறகு, அங்கே ஆறரைக்குத்தான் வண்டி கிளம்பியது. படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஆக இன்னும் பத்து நிமிடம். முதல் வளைவிலேயே பறவை நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று படகுக்காரர் கையை ஆட்டினார். நான் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டேன். அத்தான் என் சட்டையைப் பிடித்தார்.

"இப்ப இங்கன ராகு காலம்லா. ஒம்பது வரைக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்று அந்த ஊர்க் கணக்கு வையுங்கள், இல்லாவிட்டால் இந்த ஊர்க் கணக்கு வையுங்கள், இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு மனுஷனுக்கு எத்தனை ராகு காலம் என்று கத்தினேன். ஆறரைக்கே புறப்பட்டாயிற்று, இது அதே பயணம்தான் என்றேன். "தண்ணியில எறங்கறது தனி" என்றார். வழிகாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் ராகுவை ஆங்கிலத்தில் விளக்கும் தெம்பு எனக்கு இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த படகு எங்களைத் தாண்டிப் போனது.

"நீங்க எந்தக் காலத்துல ராகு காலம் பாத்தீங்க? அக்கா பாத்தா, நீங்க கேலி பண்ணுவீங்க. இப்ப என்ன வந்துச்சு ஒங்களுக்கு?"

சட்டையை விட்டுவிட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கும் திங்கக்கெழமதான் மாப்ளே."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அக்காவை ஆபரேஷனுக்கு நெல்லைக்குக் கூட்டி வந்த நாள். ஒன்பது மணி ஆகட்டுமே என்று அவள் வாசலில் தயங்கி நின்றாள். கார் என்னுடையது. "ராகு காலமாவது ஒண்ணாவது, ஏறுக்கா" என்று சொன்னவன் நான். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

"ஒன்னச் சொல்லல. நானும் சிரிச்சுக்கிட்டேதான் ஏறுனேன். ஒன்னயப் பத்திரமா ஊர் கொண்டு சேக்கணும், அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

படகிலிருந்து காலை எடுத்துவிட்டேன். துறையில் கிடந்த மரக்கட்டையில் இருவரும் ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தோம். பிறகு மதியம்வரை கோரைக்குள் சுற்றினோம். பறவை இல்லை. எட்டரை வரைக்கும் வளைவிலேயே நின்றது, அப்புறம் பறந்துவிட்டது என்று அந்த இன்னொரு படகில் போனவர்கள் சொன்னார்கள். ஒருவர் படமும் காட்டினார். அழகாக நின்றிருந்தது.

"என்னாலதான் மாப்ளே" என்றார் அத்தான். வண்டியில் சொன்னார். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமல் சொன்னார். வீட்டு வாசலில் என் மனைவியிடமும், "என்னாலதாம்மா அவன் பாக்க முடியாமப் போச்சு" என்றார். விடுங்கள் அத்தான் என்று எரிந்து விழுந்தேன்.

ராகு காலத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. அக்கா விஷயத்தில் டாக்டர் சொன்ன காரணமே வேறு. ஆனால் ஒரு பறவைக்காக அத்தான் அத்தனை முறை சொன்ன அந்த வார்த்தையை, அக்காவுக்காக நான் அவரிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.