மாப்பிள்ளையின் மூடிய கை

ஆற்றோரத் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, பாரத்தைப் பூப்போல இறக்குவதில் அந்த ஆற்றங்கரையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பெயரில் பாதி என் தங்கை புருஷனுக்குச் சேர வேண்டியது.

கிரேன் கூண்டு நாலு மாடி உயரத்தில் இருக்கும். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அங்கிருந்து தெரியாது. மாப்பிள்ளை மேல்தட்டில் சரக்கறை வாயின் ஓரமாக நின்று எனக்குச் சைகை காட்டுவார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, விரலைச் சுழற்றினால் ஏற்று, கையை மூடினால் நிறுத்து. எனக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். தினமும் அவரே துவைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குள் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. என் வீட்டு விருந்தில் நாலு பேர் முன்னால், "மாப்பிள்ளைக்கென்ன, கையை ஆட்டியே சம்பளம் வாங்குறாரு" என்று வாயை விட்டுவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான். அதன்பிறகு தங்கை மட்டும் வந்து போவாள். வேலையில் நாள் முழுக்க அவர் கையையே பார்த்திருப்பேன், சாப்பாட்டு மணி அடித்தால் ஆளுக்கொரு திசை. ஆனால் அந்தக் கையுறை ஒரு நாளும் அழுக்காக வந்ததில்லை.

ஒரு நாள் பத்து டன் மோட்டார் ஒன்றைக் கப்பலில் ஏற்றினோம். அதைப் பிடித்து நிறுத்த, சரக்கறைக்குள் மூன்று பேர் காத்திருந்தார்கள். மோட்டார் வாய்க்கு நேரே வந்ததும் மாப்பிள்ளை கையை மூடினார். நிறுத்தினேன்.

அவர் பக்கத்தில் நின்ற புது ஆபீசர் ஒலிபெருக்கியில் கத்தினார். "ஏன் நிக்குது? இறக்குப்பா, நேரமாகுது."

வெள்ளைக் கை அசையவில்லை.

"இப்ப இறக்கலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத."

 நான் லீவரைத் தொடவில்லை.

ஆற்றில் பெரிய கப்பல் ஒன்று கடந்துபோய் இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஆபீசர் அதை மறந்தே போயிருந்தார். கப்பல் போன பிறகுதான் அதன் அலை கரைக்கு வரும். வந்தது. எங்கள் கப்பல் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மோட்டார் மட்டும் வாய்க்கு மேலே பேசாமல் தொங்கியது. உள்ளே இறக்கியிருந்தால், ஆடிய சரக்கறைச் சுவருக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் மூன்று பேரும் நசுங்கியிருப்பார்கள்.

மேனேஜர் என்னையும் மாப்பிள்ளையையும் ஆபீசரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். விவரமெல்லாம் கேட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"நீ கையை மூடினது சரி. சத்தத்துக்குப் பயந்து கிரேன்காரர் இறக்கியிருந்தா?"

"இறக்க மாட்டாரு சார்."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்ற?"

"மேல இருந்தது என் மச்சான்."

பாராட்டுப் பத்திரங்கள் பல வாங்கியிருக்கிறேன், எதற்கும் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கியது. மேனேஜரும் ஆபீசரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "அன்னிக்கு நான் பேசினது தப்பு மாப்பிள்ளை" என்றேன்.