சுவரில் ஒட்டிய நெற்றி

என் தங்கை இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவள். ஓய்வுபெற்றதும் கோல்ஃப் பழகினாள். மட்டையை ஓங்கும்போது தோள் திரும்பாமல் மேலுடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். பந்து புதருக்குள் போகும்.

“போட்டிக்கு உங்க பேரை எழுத முடியாதும்மா. ஸ்டீயரிங் பிடிச்சு ஊறின பழக்கம், இனி மாறாது” என்றார் பயிற்சியாளர்.

“முட்டுச்சந்துல பஸ்ஸையே திருப்பினவ, தோளைத் திருப்ப மாட்டேனா?”

அன்றிலிருந்து தினமும் குனிந்து நெற்றியைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தோளை மட்டும் இருநூறு முறை திருப்பினாள். எண்ணியது நான். தலை நகர்ந்த முறைகளைச் சேர்க்கவில்லை.

“அண்ணே, ஒண்ணு ரெண்டு விட்டுக்குடேன்!”

விடவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் பயிற்சியாளர் முன்னால் அடித்தாள். பந்து நேராகப் போய்க் குழியில் நட்ட கொடியருகே விழுந்தது. நெற்றியில் காலைப் பயிற்சியின் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. துடைக்கச் சொன்னேன்.

“மொதல்ல அவர் பேரை எழுதட்டும், அப்புறம் துடைக்கிறேன்” என்றாள்.