பூசினாப்ல

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஜொவிட்டாவைப் பாராட்டத் தொடங்கிய வாரம்தான், அவளுக்கு அந்த வருஷத்திலேயே ரொம்ப மோசமான வாரம்.

"பூசினாப்ல இருக்கே ஜொவிட்டா. இப்பதான் முகத்துல ஒரு களை வந்திருக்கு," என்றாள் கணக்கு டீச்சர் ஷில்பா.

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜொவிட்டா சிரித்து வைத்தாள். சிரித்ததும் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இழுத்து வலித்தது. அங்கே உப்பியிருந்தது சதை இல்லை, வீங்கிப்போன உமிழ்நீர்ச் சுரப்பி. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் எடுப்பவள் அவள். வயது முப்பத்து மூன்று. மந்தைவெளியில் ஒரு பழைய ஃப்ளாட்டில் அப்பா லூயிஸோடு இருந்தாள். டெலிஃபோன் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயரான மனிதர். மனைவி போன பிறகு சமையலறை அவர் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் கஞ்சியையே அடிபிடிக்க விட்டவர், போகப் போக மீன் குழம்புக்கு அக்கம்பக்கத்தாரே கிண்ணம் நீட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். மகள் தட்டில் பரிமாறிவிட்டு, முதல் வாய் வைக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் சாப்பாட்டைத்தான் அவள் பல வருஷம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம். மனசு தாங்காத நாட்களில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, பிறகு பயந்துபோய் அத்தனையையும் வெளியே தள்ளுவது. பரீட்சை, அம்மாவின் நோய், கூடிவந்து கடைசியில் முறிந்துபோன ஒரு சம்பந்தம், எல்லாவற்றுக்கும் அதுவே வடிகாலாகிப் போனது. போன முழுப்பரீட்சை சமயத்தில் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. இதயமே நின்றிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்றைக்குத்தான் லூயிஸுக்கு விஷயம் தெரிந்தது.

"இதுக்குப் பேர் என்னம்மா?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"புலிமியா, டாடி."

"பேர்லயே புலியை வெச்சிருக்காங்க." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. போர்வையைச் சரிசெய்துவிட்டு, "என் சமையல்தான் ஒத்துக்கலையா, ஜோவி?" என்றார்.

"அது இல்ல டாடி."

அன்றோடு வாந்தி எடுப்பதை நிறுத்தினாள். நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அப்பாவும் மகளும் நம்பினார்கள். உடம்பு வேறு கணக்கு வைத்திருந்தது. கன்னம் இன்னும் உப்பியது. சாயங்காலமானால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல்லாகிவிடும். நெஞ்செரிச்சல் தொண்டைவரை ஏறிக் குரல் கரகரத்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் முன்பற்கள் சுரீரென்றன. எல்லாவற்றையும்விட அசதி. பாடம் நடத்திக்கொண்டே மேசையில் சாய்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் புடவையை மாற்றத் தெம்பிருக்காது.

கோட்டூர்புரத்தில் தன்னைக் கவனித்துவந்த டாக்டர் சாருலதாவிடம் ஒருநாள் வெடித்துவிட்டாள். "நிறுத்தின அப்புறம்தான் டாக்டர் அதிகமா வீங்குது. இதுக்கா நிறுத்தினேன்?"

"உங்க உடம்பு இன்னும் உங்களை நம்பல ஜொவிட்டா," என்றார் டாக்டர். "அடுத்த வேளைச் சாப்பாடு உள்ளே தங்குமோ தங்காதோன்னு பயந்து, கிடைக்கற தண்ணியையெல்லாம் பிடிச்சு வெச்சுக்குது. குடலும் வேலையை மறந்து கிடக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. வீங்குதேன்னு மட்டும் குறைச்சுடாதீங்க."

"எப்ப சரியாகும்?"

"சிலருக்குச் சீக்கிரம் வடியும், சிலருக்கு மாசக்கணக்கா இழுக்கும். பல்லு மட்டும் தானா சரியாகாது. அதுக்குப் பல் டாக்டரைப் பாருங்க."

பல் டாக்டரைப் பார்ப்பதை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

இந்த நிலைமையில்தான் ஜோன் சித்தி மகன் ஆஸ்வினுக்குச் சாந்தோமில் கல்யாணம் வந்தது. மாதாகோயிலில் பூசை, பக்கத்து ஹாலில் விருந்து. வாங்கி வைத்திருந்த செருப்பு காலில் ஏறவில்லை. பட்டுப்புடவைக்குக் கீழே வீட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கொசுவத்தை இறக்கி மறைத்துக்கொண்டு போனாள். ஹால் வாசலிலேயே ஜோன் சித்தி பிடித்துக்கொண்டாள்.

"அடியே, உங்கப்பா சமையல் கன்னத்துல தெரியுதே! இப்படியே இரு. அடுத்தது உன் கல்யாணம்தான்." சொன்ன வேகத்தில் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். ஜொவிட்டாவுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. சித்தி அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது போலவே ஒரு தட்டு பிரியாணியை நிதானமாகச் சாப்பிட்டாள். எழுந்தபோது வயிறு முரசு மாதிரி விறைத்து நின்றது. கை கழுவும் இடத்துக்கு அடுத்தாற்போல் பாத்ரூம் கதவு. உள்ளே யாரும் இல்லை. ஒரு நிமிஷத்தில் இந்தப் பாரம் இறங்கிவிடும். நாளைக்குக் கன்னம் இதைவிட மோசமாக வீங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அது அந்த நேரத்துக்கு உதவவில்லை. ஈரக்கையோடு திரும்பி நடந்தாள். பந்தியில் லூயிஸ் அப்போதுதான் ஐஸ்கிரீமைக் கையில் எடுத்திருந்தார்.

"டாடி, வீட்டுக்குப் போலாம். இப்பவே."

அவர் மகள் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஐஸ்கிரீமை வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா, பாதிக் கல்யாணத்துல கெளம்பிட்டீங்க? சண்டையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல நைனா, வயிறு சரியில்ல," என்றார் லூயிஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஜொவிட்டா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவு தட்டப்பட்டது.

"ஜோவி."

மறுபடியும் தட்டினார்.

"ஜோவி, கதவைத் தெறம்மா." குரல் உடைந்திருந்தது. "வேணாம்மா. டாடி கெஞ்சிக் கேக்கறேன்."

கோபம்தான் முதலில் வந்தது. கோபப்படத் தெம்பில்லாததால் அது அப்படியே அடங்கிப்போனது. "டாடி, நான் வாந்தி எடுக்கல. எனக்கு வெளிக்குப் போகவே மாட்டேங்குது. நாலஞ்சு நாளா இப்படித்தான். அதான் உக்காந்திருக்கேன்."

பிறகு, "ஓ," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, ரொம்ப மரியாதையாக, "கொய்யாப்பழம் வாங்கியாரட்டுமா?" என்றார்.

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் சிரிப்பது கேட்டது. அழுவது போலவும் இருந்தது.

வெளியே வந்து அவர் பக்கத்தில் சோபாவில் சாய்ந்தாள். "இனிமே தட்டாதீங்க டாடி. எனக்கு முடியலன்னா நானே வந்து சொல்றேன். இன்னைக்கு ஹால்ல வந்து சொன்னேன்ல?"

"சொன்னே." லூயிஸ் முழங்காலைத் தடவிக்கொண்டார். "தட்டாம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. பழகிக்கறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை. நடுவில் ஒருதரம் அவள் சறுக்கினாள். மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, லூயிஸ் வைத்த ரசம் சாதத்தைச் சாப்பிட்டாள். மழைக்காலம் வந்தபோது கால் வீக்கம் வடிந்தது. கன்னத்தில் இடதுபக்கம் முதலில் இறங்கியது, வலதுபக்கம் இன்னும் பிடிவாதம் பிடித்தது. அசதி மட்டும் குடியிருந்த வீட்டைக் காலி பண்ண மனசில்லாதது போல் இருந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் பள்ளி விட்டதும், பக்கத்துத் தெருவில் பல் டாக்டர் ஜெயராமிடம் போனாள். அவர் கண்ணாடியை உள்ளே விட்டு முன்பற்களின் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"புளிப்பு ஜாஸ்தி சாப்பிடுவீங்களோ?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவரே வழிவிட்டுக் கொடுத்துவிட்டார்.

"இல்ல டாக்டர். பல வருஷம் வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன். அது ஒரு வியாதி. இப்ப சிகிச்சையில இருக்கேன்."

அவர் முகம் மாறவில்லை. "பல்லு மேல போன எனாமல் திரும்ப வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திடலாம். ரெண்டு பல்லுக்கு இன்னைக்கே பூச்சு போட்டுடட்டுமா?"

ஊசி போட்டதில் உதடு மரத்துப்போயிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது மந்தைவெளி எப்போதோ போயிருந்தது. ராயப்பேட்டையில் இறங்கி, எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

"டாடி, தூங்கித்தேன். லாயப்பேத்தைல நிக்கறேன்."

"எங்க? ஏன்மா இப்படிப் பேசறே?"

"பல்லுக்கு ஊசி. வர லேட்டாகும்."

"சரி, நான் சாப்பிட்டுப் படுக்கறேன்," என்றார் லூயிஸ். "உனக்கு மூடி வெச்சிருக்கேன். மரமரப்பு போனதும் போட்டுச் சாப்பிடு."

அவள் சாப்பிடுவதைப் பார்க்காமல் அவர் படுக்கப்போவது இதுதான் முதல் தடவை. பஸ் வர நேரமாகும் போலிருந்தது. ஜொவிட்டா ஸ்டாப்பின் இரும்புப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.