கங்காணியின் காலுக்குத் தாளம்

டோரீனின் தொண்டைக்குள் ஏழெட்டுப் பேர் குடியிருந்தார்கள். மூக்கால் பேசும் ஆபீஸ் கணக்கர் கிராணி, ஜெபத்துக்கு நடுவே தும்மும் உபதேசியார், தேயிலைச் செடியிடமே "வாட் இஸ் திஸ்?" என்று கோபித்துக்கொள்ளும் துரை. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் ஜனம் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஒரே ஒரு குரலுக்கு மட்டும் யாரும் சிரித்ததில்லை. அது ராமசாமி கங்காணியின் குரல்.

பன்னிரண்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்துக் கோடியில் நின்று அந்தக் குரலை எடுத்துவிட்டாள். கூடவே தகர வாளியில் குச்சியால் டக், டக் என்று தட்டினாள். கங்காணி பிரம்பால் தன் பூட்ஸைத் தட்டிக்கொண்டே வரும் சத்தம் அது.

"ஏய் கழுதைங்களா! பெரட்டுக்கு நேரமாச்சு!"

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆனாலும் சோற்றுக் கையோடு முப்பது பேர் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். ஒரு நிமிஷம் கழித்து நிஜக் கங்காணியும் வந்து நின்றான். பிரம்பு டோரீனின் முகத்தை நோக்கி இறங்கியபோது அவள் அம்மா அற்புதம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். இரண்டு விரல்கள் ஒடிந்தன. கோணலாகவே கூடிய விரல்களோடுதான் அதற்கப்புறம் அவள் கொழுந்து கிள்ளினாள். நிறை குறைந்தால் அதற்கும் அடி வாங்கினாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம். மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிகள், லயத்தைச் சுற்றி முள்கம்பி. ரிங்லெட்டுக்கு மேலே, மூன்று தோட்டங்களுக்கும் பொதுவான ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து சேர்ந்தார். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்குப் பாட்டை வைத்து வைத்தியம் பார்த்தவராம். ஆர்மோனியம் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும், ஆறு மாதம் பழக வேண்டும், கடைசியில் நடக்காத ஒருவனை நாற்பது அடி நடக்கவைத்துக் காட்டினால் கையெழுத்துப் போட்ட தாளும் வார்டில் வேலையும் உண்டு என்றார். ஜெபக்கூடத்தில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த டோரீனுக்கு அந்தத் தாள்தான் கண்ணிலேயே நின்றது. தாள் வந்தால் கூடை இல்லை. கூடை இல்லையென்றால் பிரம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஞானசுந்தரத்திடம் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தாள்.

"பாட்டுப் பாடப் போறவளுக்கு எலும்பு எதுக்கும்மா?"

"கேக்கறவரு எலும்பும் தோலுமா இருந்தா பேர் சொல்லிக் கூப்பிடணும்லா, அய்யா."

முதல் இரண்டு மாதம் சுமுகமாகப் போனது. நெஞ்சுச் சளிக்காரர்களை நீளமாக இழுத்துப் பாடவைத்து மூச்சை விரித்தாள். மூன்றாம் மாதம், ரத்தம் ஊறிய கோணிச் சாக்கில் போட்டு ராமசாமி கங்காணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வளைவில் மரத்தைச் சாய்த்து, கொழுந்து கிள்ளுகிறவர்களையும் கங்காணியையும் ஏற்றிவந்த லோரியைக் காட்டுக்காரர்கள் மறித்திருந்தார்கள். டிரைவர் தங்கராஜு ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தான். கண்ணாடியைத் துளைத்து வந்த குண்டு அவன் தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்தவனின் நெஞ்சு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த அலறலுக்கு நடுவேதான் காட்டுக்காரன் ஒருவன், "ஆளுங்கள அடிக்கற கங்காணி யாரு?" என்று கேட்டானாம். கங்காணியை இழுத்து ரோட்டில் போட்டு இடுப்பிலும் தொடையிலும் சுட்டார்கள். தலைக்குக் குறி வைத்த நேரம் ராணுவ வண்டியின் சத்தம் கேட்டது, ஓடிவிட்டார்கள். ஆளைக் காட்டிக்கொடுத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் வார்டுக்கே வந்து கேட்டபோது, "தெரியலைங்க" என்றான் கங்காணி.

சதை ஆறியது. கால்தான் கிளம்பவில்லை. நிறுத்தினால் நிற்பான். முதல் அடிக்கு உடம்பு விறைக்கும். காதுக்குள் ஹாரன் ஆரம்பித்துவிடும். அப்படியே விழுவான்.

"இவன்தான் உன் பரீட்சை," என்றார் டாக்டர். "மலையில கேக்குமே ஒரு டிரம், லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட். வெர்ரி குட் ரிதம். அதை அடி."

அது சாவு மேளம்.

"சார், தட் டிரம், டெட் மேன், சார்."

"நோ, நோ. ஹீ இஸ் அலைவ்."

கையெழுத்து அவர் கையில் அல்லவா இருக்கிறது? லயத்திலிருந்து தப்பு மேளத்தை வாங்கிவந்து அடித்தாள் டோரீன். நாலாவது அடியிலேயே வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலில் கட்டுப் போட்டிருந்த கிழவர் ஒருவர் "யாரு போயிட்டா? ஐயோ, யாரு?" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

"நான் இன்னும் சாகலடி!"

எனாமல் மூத்திரச் சட்டி பறந்துவந்து டோரீனின் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. ஞானசுந்தரம் மூன்று தையல் போட்டார். நோயாளிக்குக் கை பலமாக இருக்கிறது என்று டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தையல் பிரித்த அன்று, கங்காணி தண்ணீர் கேட்டு, படுக்கையிலும் விடாமல் வைத்திருந்த பிரம்பால் கட்டில் கம்பியில் தட்டினான். டக், டக். டோரீனின் தோள்கள் தாமாகவே காதுவரை ஏறின. பழைய பழக்கம். அப்போதுதான் பார்த்தாள்: ஒவ்வொரு தட்டுக்கும் போர்வைக்கு அடியில் அவன் வலது கால் கட்டைவிரல் துள்ளியது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு லயம் மட்டுமா நடந்தது? அவனும்தான் நடந்திருக்கிறான்.

பிரம்பைப் பிடுங்கினாள்.

"குட்றி அத!"

"எந்திரிச்சு வந்து வாங்கிக்குங்க." தன் கால் சப்பாத்தில் தட்டினாள். தொண்டையின் கடைசிக் கதவைத் திறந்தாள். "ஏய் கழுதை! பெரட்டுக்கு நேரமாச்சு! தூக்குடா கால!"

தன் குரலே தன்னை ஏசியதும் கங்காணியின் முகம் கருத்தது. அவளை அடிக்கத்தான் எழுந்தான். ஓர் அடி. டக். இரண்டாவது. டக். ஐந்தாவது அடியில் அவள் தலைமுடி அவன் கைக்கு எட்டியது. இழுத்துக் கட்டில் கம்பியில் மோதினான். காதோடு வாய் வைத்துச் சொன்னான்: "ஒங்கம்மாதான் கை காட்டினா."

டோரீனுக்குத் தலைவலி மறந்துபோனது. "அப்ப ஏன் போலீஸ்ல சொல்லல?"

"படுத்துக்கிட்டு சொன்னா காட்டுக்காரனுங்க வந்து மிச்சத்த முடிச்சிருவானுங்க. கால் வரட்டும்லா. நடந்து ஸ்டேஷனுக்குப் போவேன், சொல்லுவேன், அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிருவேன். ஒங்கம்மா கயித்துல தொங்குவா."

அன்று சாயங்காலம் அம்மாவைக் கேட்டாள். "கை காட்டினியாம்மா?"

அற்புதம்மாள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "கை தானா மேல போச்சு. அவன் ஒடைச்ச கைதானே."

நடக்கவைக்காவிட்டால் தாள் இல்லை. நடக்கவைத்தால் அம்மா இல்லை. நாலைந்து நாள் டோரீன் யார் குரலையும் எடுக்கவில்லை.

வழியை டாக்டரே சொல்லிக்கொடுத்தார், பாவம், தெரியாமல். "இனிமேல் தட்டைக் குறை. நாலுக்கு ஒன்று விடு, அப்புறம் இரண்டு விடு. தாளம் வெளியே நின்றால் வைத்தியம் பாதிதான். அவனுக்கு உள்ளே போக வேண்டும்."

"குறைத்தேன்" என்று தினமும் நோட்டில் எழுதினாள். ஒரு தட்டைக்கூடக் குறைக்கவில்லை. அடிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு ஏச்சு. அவனும் சும்மா இருந்தானா? வாரத்துக்கு ஓர் அறையாவது அவளுக்கு விழுந்தது. ஒரு தடவை கடைவாய்ப் பல் ஆடியது. ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தட்டினாள்.

ஆறாம் மாதக் கடைசியில் ஈப்போவிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது அடி. டக், டக், டக். மார்பை நிமிர்த்திக்கொண்டு, பழைய கங்காணியாகவே நடந்தான் ராமசாமி. கட்டில்களில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

"தட்டைக் குறைத்தாயா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

சொந்தக் குரலில் அந்தப் பொய் வராது என்று டோரீனுக்குத் தெரிந்தது. தன் டாக்டரின் குரலை எடுத்துக்கொண்டாள். "எஸ், எஸ், வெர்ரி குட், சார்!"

இரண்டு டாக்டர்களும் சிரித்தார்கள். கையெழுத்து விழுந்தது. மை காயுமுன்பே தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாக்டர்கள் டீ குடிக்கப் போனதும் கங்காணி பிரம்பைப் பிடுங்கிக்கொண்டான். "இனி ஒன் தயவு வேணாம்டி." சுவரைப் பிடித்து வராந்தாவுக்கு வந்தான். கீழே, கூப்பிடு தூரத்தில், மணல் மூட்டை அடுக்கிய போலீஸ் ஸ்டேஷன்.

பிரம்பை ஊன்றி நின்றான். கால் வரவில்லை. ஊன்றினால் தட்ட முடியாது. தட்டினால் ஊன்ற முடியாது; தட்டக் கையை வீசினாலே குண்டுபட்ட இடுப்பு சாயும். பிரம்பைத் தூக்கிப் பூட்ஸில் தட்டினான். டக். ஓர் அடி வந்தது. மறுபடி தூக்கினான். உடம்பு ஆடி, முகம் சிமெண்டுத் தரையில் அறைந்தது. உதடு கிழிந்தது.

"தட்டுங்கடா யாராவது!"

பெரட்டுக் குரல்தான். வராந்தாவில் வெயில் காய்ந்த ஏழு பேரில் ஒருவரும் எழவில்லை. கட்டுப் போட்ட கிழவர் மட்டும், பழைய தழும்பு இருந்த இடத்தில் முதுகைச் சொறிந்துகொண்டார்.

கிடந்தபடியே பிரம்பை வீசினான் கங்காணி. டோரீனின் கணுக்காலில் தோல் கிழிந்தது. பிரம்பின்மேல் மிதித்து நின்றாள்.

"ஸ்டேஷன் பக்கம் என் கை தட்டாது, கங்காணி. லயத்துப் பக்கம்னா தட்டறேன்."

"கத்தியே சொல்லுவேன்டி!"

"கத்துங்க. ஸ்டேஷனுக்கும் கேக்கும். காட்டுக்கும் கேக்கும். அப்புறம் ரெண்டு பேருல யாரு மொதல்ல வர்றாங்கன்னு இங்கயே படுத்துக்கிட்டுப் பாருங்க."

கங்காணி வாயைத் திறந்தான். மேலே கறுத்து நின்ற காட்டைப் பார்த்தான். மூடிக்கொண்டான். ரத்தத்தைத் துப்பினான். டோரீனுக்கு மட்டும் கேட்கும் குரலில், "தட்டு" என்றான்.

ஞானசுந்தரம் அவனைத் தூக்கி, லயத்துப் பாதையைப் பார்க்க நிறுத்தினார். டோரீன் பிரம்பை எடுத்தாள். சட்டைக்குள் தாள் சரசரத்தது.

"ஏய் கழுதை! பெரட்டுக்கு நேரமாச்சு!"

ராமசாமி கங்காணி வலது காலைத் தூக்கினான்.